பொருள் அறியாக் குரல்: ஒரு போசா நோவா இசைத்தட்டும் அந்தமான் பாடல்களும்

பாடுபவருக்குப் பாடலின் மொழி தெரிந்திருக்க வேண்டுமா? 1966இல் அமெரிக்காவின் ஏ அண்டு எம் நிறுவனம் வெளியிட்ட ஓர் இசைத்தட்டு இவ்வினாவை எழுப்புகிறது. அதனைப் படைத்தவர் செர்ஜியோ மென்டிஸ். பிரேசிலின் நிதெரோய் நகரில் 1941இல் பிறந்த பியானோ கலைஞர். 1962இல் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் நடந்த போசா நோவா நிகழ்ச்சியில் வாசித்தவர். 1964ஆம் ஆண்டின் இராணுவக் கவிழ்ப்புக்குப் பின் தாய்நாட்டை விட்டு நீங்கியவர். ‘பிரேசில் 66’ என்ற அவரது குழுவின் முதல் இசைத்தட்டில், குழுவின் பெயருக்கு முன்பே ‘ஹெர்ப் ஆல்பர்ட் வழங்கும்’ என்ற சொற்கள் நிற்கின்றன. அமெரிக்கச் சந்தைக்குள் நுழைய ஒரு பிரேசில் கலைஞருக்கு அந்தப் பெயர் தேவைப்பட்டது.

குழுவில் இரு பெண்குரல்கள். பிபி வோகல் பிரேசிலைச் சேர்ந்தவர். சிகாகோவிலிருந்து வந்த லானி ஹால் போர்த்துகீசியம் அறியாதவர். ஒலிகளை மட்டுமே மனனம் செய்து பாடினார். முதற்பாடலான ‘மாஸ் கி நாடா’ ஜோர்ஜ் பென் 1963இல் வெளியிட்டது. அத்தலைப்பைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் பொருள் கிட்டாது. ‘அட, போ’ என்று ஒதுக்கும் பேச்சுத்தொனி அது. அத்தொனியை அறியாத நாவில் பாடல் போலியாகிவிடும் என்று வாதிடலாம். ஆயினும் செவிக்கு அவ்வாறு தோன்றுவதில்லை. சந்தத்தின் அழுத்தங்கள் பிறழாமல் விழுகின்றன.

ஒலிக்கும் பொருளுக்கும் இடையே இத்தகைய இடைவெளி, இசைத்தட்டு வணிகத்தால் விளைந்த புதுமையன்று. 1880களில் அந்தமான் பழங்குடியினரைப் பற்றி எழுதிய ஆங்கில அலுவலர் ஈ. எச். மேன், அவர்களது பாடல்களில் தாளமே முதன்மை பெறுவதைப் பதிவு செய்தார். கேடயம் போன்ற மரப்பலகையைப் பாடுபவர் காலால் உதைத்துத் தாளம் எழுப்புவார். அத்தாளத்திற்கு இசையச் சொற்கள் உருமாறும். எனவே, பாடலை இயற்றியவரே அன்றாட மொழியில் அதன் பொருளைக் கேட்போருக்கு விளக்க நேர்ந்தது. எம். வி. போர்ட்மன் 1888இல் அந்தமானிய இசை குறித்துத் தனிக்கட்டுரையே வெளியிட்டார். சொல் சிதைவதைப் பண்படாமையின் அடையாளமாகக் கொள்வது பிழை. சீருக்காகச் சொல்லைப் பிளக்கும் வகையுளி தமிழ் யாப்பிலும் உண்டு.

இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. அந்தமானில் பொருளை உரைப்பவர் பாடலை ஆக்கியவரே. இசைத்தட்டிலோ ஆக்கியவர் ஒருவர், பாடியவர் வேறொருவர். எனினும் லானி ஹாலுக்கு ஐயம் எழுந்தால் கேட்க மென்டிஸ் அருகிலேயே இருந்தார். மேன் பயின்ற அகா-பியா மொழியைப் பேசுவோர் இன்று எவருமில்லை. அம்மொழியில் எழுத்தில் எஞ்சிய பாடல்களுக்கு, அவர் விட்டுச்சென்ற குறிப்புகளே உரை.