விளக்கும் பாட்டுப்பெட்டியும்: பழம்பொருளின் மதிப்பு எதில் இருக்கிறது?



தொடர்வண்டி ஊழியர்கள் பலர் வாழ்ந்த பிரிக்பீல்ட்ஸிலும், இரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்திருந்த கிள்ளானிலும் பழைய வீடுகளைக் காலி செய்யும்போது, சாவி கொடுத்து இயக்கும் கிராமபோன் பெட்டியும் கறுப்பு இசைத்தட்டுகளும் கிடைப்பதுண்டு. உடனே இரண்டு கேள்விகள் எழும். இதைப் பழுதுபார்க்க முடியுமா? என்ன விலைக்குப் போகும்? இவற்றுக்கு விடை காணுமுன் அப்பொருளின் வரலாற்றை அறிவது நலம்.

ஒரே கூடத்தில் பிறந்த இரண்டு

தாமஸ் ஆல்வா எடிசன் 1877இல் ஒலியைப் பதிந்து திரும்ப ஒலிக்கும் போனோகிராபை உருவாக்கினார். 1879இல் அதே ஆய்வுக்கூடத்தில் நெடுநேரம் எரியும் மின்விளக்கை எரியச் செய்தார். தட்டையான இசைத்தட்டைத் தந்தவர் எமில் பெர்லினர், ஆண்டு 1887. பின்னர், 1920ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவில் சிலர் இவ்விரண்டையும் ஒன்றாக்கினர். பார்வைக்கு அது மேசைவிளக்கு. அதன் குடைக்குள் மறைந்திருப்பதோ சுழலும் இசைத்தட்டு! இன்று அரும்பொருள் சேகரிப்போர் அதனை விரும்பித் தேடுகின்றனர்.

நம் நாட்டில் விளக்கின் கதை வேறு. 1894இல் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் இரவாங்கில் தங்கள் ஈயச் சுரங்கத்திற்கு மின்னாக்கி வைத்தனர். தீபகற்ப மலாயாவில் மின்சாரம் பயன்பட்டதாகப் பதிவான முதல் நிகழ்வு அதுவே. மறு ஆண்டு கோலாலம்பூர்த் தொடர்வண்டி நிலையம் மின்வசதி பெற்றது. ஆனால், தோட்டத்து லயங்களில் அதற்குப் பின்னும் பல்லாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. அத்தகைய வீட்டில் பாட்டுக் கேட்க வழி என்ன? சுருள்வில்லால் இயங்கும் கிராமபோனுக்கு மின்சாரமே தேவையில்லை! சாவியை முறுக்கினால் ஏறத்தாழ மூன்று நிமிடம் ஒரு பாட்டு ஒலிக்கும்.

தட்டில் வந்த தமிழ்

1902 நவம்பரில் கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிந்தார். அந்தப் பயணத்திலேயே 1903இல் சிங்கப்பூரிலும் ஒலிப்பதிவு செய்தார். தொடக்கத்தில் இந்தியக் குரல்கள் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குச் சென்று தட்டுகளாகத் திரும்பி வந்தன. 1908இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை தோன்றியது. 1930களில் ஏ.வி.மெய்யப்பனின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் சென்னையிலிருந்து ஓடியன் தட்டுகளை வெளியிட்டது. கே.பி.சுந்தராம்பாள், எம்.கே.தியாகராஜ பாகவதர் போன்றோரின் குரல்கள் தட்டுகளின் வழியே பரவின.

பழுதுபார்க்குமுன்

பெட்டி ஓடவில்லையெனில் பெரும்பாலும் சுருள்வில்லில் இட்ட பழைய மசகு இறுகியிருக்கும். வில்லின் உறையை நாமே திறத்தல் கூடாது. முறுக்கேறிய வில் சீறிப் பாய்ந்தால் கையைக் கிழித்துவிடும். அதைப் பழகிய கைவினைஞரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை. ஒலி கரகரத்தால் ஒலித்தலையில் உள்ள இரப்பர் வளையங்கள் கெட்டிப்பட்டிருக்கலாம். எஃகு ஊசியைத் தட்டின் ஒரு பக்கத்திற்கு ஒன்றென மாற்ற வேண்டும். தேய்ந்த ஊசி பாட்டையே அரித்துவிடும்.

விளக்கோடு கூடிய அமெரிக்கப் பெட்டியாயின் மேலும் கவனம் வேண்டும். அது 110 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தில் நேரே இணைத்தால் மின்பொறி கருகிவிடும். நொறுங்கிப்போன பழைய மின்கம்பியால் தீ விபத்தும் நேரலாம்.

தட்டுகள் அரக்கால் ஆனவை. கீழே விழுந்தால் உடையும், சாராயம் கலந்த திரவத்தால் துடைத்தால் கரையும். அவற்றை நிமிர்த்தி அடுக்கி வைப்பதே முறை.

விலையும் மதிப்பும்

பித்தளைக் குழல் பளபளக்கும் பெட்டியெல்லாம் பழம்பொருள் அன்று. பழைய உறுப்புகளைக் கொண்டு இந்தியாவில் புதிதாகப் பூட்டி, நாய்ச் சின்னம் ஒட்டி விற்கப்படுபவை ஏராளம். உண்மையான பெட்டியின் விலையை அதன் அசல் உறுப்புகள், இயங்கும் நிலை, அது வந்த வழி ஆகிய மூன்றுமே உயர்த்தும். மரத்தைச் சுரண்டிப் புதிய மெருகு பூசினால் விலை குறையும். மாற்றிய உறுப்பையும் எறியாமல் ஒரு பையிலிட்டுப் பெட்டியுடனேயே வைத்திருங்கள்.

வேதனை என்னவெனில், பெட்டிக்கு விலை பேசுவோர் தட்டுகளைக் குப்பையில் எறிந்துவிடுகின்றனர். பெட்டியைப் போல் வேறொன்று எங்கேனும் கிடைக்கும். மறு அச்சுக் காணாத ஒரு தட்டு உடைந்தால், அந்தக் குரல் அதனோடு முடிந்துவிடக்கூடும்.

ஆகவே, பெற்றோர்களே, விற்பதானாலும் அதற்குமுன் தட்டின் மேலுள்ள பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். வீட்டுப் பெரியவரிடம், எந்தத் தோட்டத்தில், யார் வாங்கினார், எந்தப் பாட்டை விரும்பிக் கேட்டார்கள் என்று பிள்ளைகளையே வினவச் சொல்லுங்கள். ஆசிரியர்களே, அந்த விடைகளை வரலாற்று வகுப்பில் வாசிக்கச் செய்யுங்கள். தாத்தா பாட்டி எதைக் கேட்டு வாழ்ந்தார்கள் என்பதும் நம் பிள்ளைகள் அறிய வேண்டிய மலாயா வரலாறுதானே!