ஆயாக் கொட்டகை

வெயில் ஏறுமுன் சீவினாலன்றி இரப்பர் மரம் நன்கு பால் சொரியாது. ஆதலின் மலாயாத் தோட்டங்களில் நம் தாய்மார் இருள் பிரியுமுன்னரே பெரட்டுக்கு நிற்க வேண்டியிருந்தது. அதற்கும் முன் அவர்கள் செய்த காரியம், உறங்கும் மகவைத் தோளிற் சுமந்து சென்று ஆயாக் கொட்டகையில் விட்டதேயாகும். உத்தரத்தில் வரிசையாய்ச் சேலைத் தொட்டில்கள் ஆடும். அவற்றினிடையே ஆயா நடமாடுவாள்.

அவள் யார்? பெரும்பாலும் மரம் வெட்ட வலுவிழந்த முதியவள். வேலைக்குதவாதவளென்று கணக்கிடப்பட்ட ஒருத்தியிடமே தோட்டத்தின் நாளைய தலைமுறை ஒப்படைக்கப்பட்டது! கூட்டு மலாய் நாடுகளின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் பள்ளி வேண்டுமென்றது. 1990-ஆம் ஆண்டு மலேசியச் சட்டம், நான்கு வயதுக்குட்பட்டோர் பத்துப் பேருக்குக் குறையாதிருப்பின் காப்பகம் அமைக்குமாறு தோட்ட நிர்வாகத்துக்குக் கட்டளையிட வழி செய்தது. சட்டம் தலைகளை எண்ணும், கூரையை அளக்கும். ஆயாவின் உள்ளத்தை அளக்க அதனிடம் கோல் இல்லை.

அந்த அளவுகோல் லயத்திலிருந்தது. ஆயா அடுத்த வீட்டுக்காரி; அவள் பொறுமையும் சினமும் ஊரறிந்தவை. பிள்ளை மேனியில் ஒரு கீறல் கண்டால் மாலைக்குள் லயம் முழுதும் காரணம் கேட்கும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனை வந்தது, நம்மவர் பட்டணம் சேர்ந்தனர். தொட்டில் மட்டும் உடன் வந்தது, லயத்தின் கண் வரவில்லை. 1984-ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டம், பல குடும்பங்களிலிருந்து நான்கு வயதுக்குட்பட்ட நால்வரையோ அதற்கு மேற்பட்டோரையோ கூலிக்குப் பார்க்கும் இடங்களைத் தன் கீழ்க் கொணர்ந்தது. மூவரை மட்டும் பார்க்கும் வீடு அதன் எல்லைக்குப் புறம்பாயிற்று. அங்கே பெற்றோரே பரிசோதகர்.

ஆகவே கூலி எவ்வளவென்று கேட்குமுன் நாம் கேட்க வேண்டியன பிற. அவ்வீட்டில் வேறு யார் யார் வசிக்கின்றனர்? ஒருத்தி பொறுப்பில் எத்தனை பிள்ளைகள்? அடுப்பும் நீர்த்தொட்டியும் பிள்ளைக்கு எட்டுமா? சொல்லாமல் ஒரு நாள் நண்பகலில் சென்று பார்ப்போமாக. அதற்கு முகஞ்சுளிப்பவளிடம் பிள்ளையை விடற்க. பேசத் தெரியாத பிள்ளை அவ்வீட்டு வாயிலைக் கண்டு நாள்தோறும் நடுங்குமாயின், அதையும் ஒரு சாட்சியமாகக் கொள்வோமாக.

நல்ல ஆயா கிடைத்தால் கூலியில் பேரம் வேண்டாம். அன்று தோட்டம் அவளை மலிவாய் மதித்தது. அப்பிழையை நாமும் செய்தலாகாது.