வேட்டை நின்ற பின் சிப்பிப்பாறை நாய்

கிரேஹவுண்ட் என்றதும் பலருக்கும் மேல்நாட்டு ஓட்டப்பந்தயம்தான் நினைவுக்கு வரும். ஏறக்குறைய அதே உடல்வாகுள்ள நாய் நம் தமிழ்நாட்டிலும் உண்டு. விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை என்ற ஊரின் பெயர்தான் அதற்கும். ஒடுங்கிய வயிறு, நீண்ட கால்கள், கூரிய முகம்.

இது மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடும் இனம். கரிசல் காட்டில் முயலைக் கண்டால் விரட்டிப் பிடிக்கும். கொஞ்ச நேரம் வெறித்தனமான ஓட்டம், பிறகு நீண்ட ஓய்வு. கிரேஹவுண்டும் அப்படித்தான்: மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும், வீட்டிலோ பெரும்பாலும் தூங்கும். அது சோம்பல் அல்ல, வேட்டை தந்த பழக்கம். இரண்டுமே வளர்ப்பவரிடம் மிகவும் ஒட்டிக்கொள்ளும். சிப்பிப்பாறை அந்நியரிடம் சட்டென்று பழகாது.

1972ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991ல் செய்த திருத்தமும் சட்டப்படி வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தன. நாயின் வேலை போனது, குணம் போகவில்லை. கண்ணெதிரே பூனையோ கோழியோ ஓடினால் எசமான் கூப்பிடுவது காதில் விழாது. தெரு என்றும் பாராமல் பாய்ந்துவிடும்.

வீட்டுக் காவலுக்கென்று வாங்கி நாள் முழுதும் சங்கிலியில் கட்டிப்போடுவது இந்த இனத்துக்குத் தண்டனை. அழகைப் பார்த்து ஆசைப்படுபவர்கள், வேலி போட்ட இடத்தில் தினமும் அவிழ்த்துவிட முடியுமா என்று முதலில் யோசிக்க வேண்டும்.