டிக்டாக் தடை

பைட்டான்ஸ் என்ற சீன நிறுவனத்தின் குறுங்காணொளிச் செயலிக்கு இந்தியாவில் இருமுறை விதிக்கப்பட்ட தடை. முதல் தடை, சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பிறந்தது. ஆபாசத்தையும் சிறார் பாதுகாப்பையும் காரணம் காட்டிய நீதிபதிகள், செயலியின் பதிவிறக்கத்தைத் தடுக்குமாறு 2019 ஏப்ரல் 3 அன்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டனர். கூகுளும் ஆப்பிளும் தம் கடைகளிலிருந்து அதை நீக்கின. ஏற்கெனவே கைபேசியில் வைத்திருந்தவர்களோ பாட்டுக்கு வாயசைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். பூட்டு வாசலுக்குத்தான், வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு இல்லை. நிறுவனம் வாதாடியதில் ஏப்ரல் 24 அன்று தடை விலகியது.

2020 ஜூன் 29 அன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் மத்திய அரசு முடக்கிய 59 செயலிகளில் டிக்டாக்கும் ஒன்று. இம்முறை சொல்லப்பட்ட காரணம் நாட்டின் இறையாண்மையும் பாதுகாப்பும். ஆபாசம் பற்றிய பேச்சே இல்லை.