பாடியவர் பெயர்: அறிவின் பாட்டும் ஒரு நெய்தல் கரையும்

சிறுபாணாற்றுப்படையில் ஓர் அடுக்களை வருகிறது. சுவரைக் கரையான் அரித்திருக்கிறது, தரையில் காளான் பூத்திருக்கிறது. ஈன்ற நாயொன்று, கண் திறக்காத குட்டிகள் பாலில்லாத மடியை இழுப்பதைப் பொறுக்கமாட்டாமல் குரைக்கிறது. பசியில் இடை ஒடுங்கிப்போன கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து வேக வைக்கிறாள். போட உப்பில்லை. பிறர் கண்டால் மானக்கேடு என்று கதவைச் சாத்திவிட்டு, சுற்றத்தோடு சேர்ந்து உண்கிறாள். உப்பு விளையும் நாட்டைப் பாடுகிற பாட்டில்தான் இந்த உப்பில்லாக் கீரை வருகிறது. பாணன் போகவேண்டிய வழியில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்றே ஆய்வாளர் பலர் கொள்வர். அதே பாட்டில் வரும் கிடங்கில் என்ற ஊர் இன்றைய திண்டிவனத்துக்குள் அடங்கிவிட்டது.

269 அடிகொண்ட அந்தப் பாட்டில் யார் யாருக்குப் பெயர் இருக்கிறது? கொடுத்தவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். எழுதியவர், மரக்காணத்துக்கு வடக்கே உள்ள இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். சிறிய யாழைத் தோளில் போட்டுக்கொண்டு கரை நெடுக நடந்த பாணனுக்குப் பெயரில்லை. கீரை வேகவைத்தவளுக்கும் இல்லை.

புரவலன், புலவன், பாடுநன் என்ற இந்த மூன்று இடங்களும் தமிழிசை வரலாற்றில் அழியவில்லை, ஆள் மாறி நீடித்தன என்பதே இக்கட்டுரையின் வாதம். தானே எழுதித் தானே பாடுகிறவன் என்ற நாட்டுப்புற ராக் மரபின் கலைஞன் தமிழில் தோன்றியபோது அவன் மோதியதும் இந்த அடுக்கின் மீதுதான். அதற்குக் கையெட்டும் சான்று அறிவு என்கிற அறிவரசு கலைநேசன்.

அறிவு அரக்கோணத்துக்காரர். அவர் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழ்நாடு திரும்பியவர். அந்தத் திரும்பலுக்குப் பின்னால் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்துக்கொண்டார்கள். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றி 1974இல்தான் முடிவானது. மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்த மலையை விட்டு, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இறங்கியவர்களிடம் நிலப் பட்டாவும் இல்லை, சேமிப்பும் அதிகமில்லை. பாட்டு இருந்தது. மலையகத்துப் பாடல்களை சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்திருக்கிறார், கப்பலேறி வந்த பாடல்களை அப்படி யாரும் தேடித் தொகுத்ததாகத் தெரியவில்லை. அவை வீட்டுக்குள்ளேயே, பேரன் காது வரைக்கும் வந்தன.

அறிவு மேடையேறிய களம் தனிமனிதருடையதல்ல. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் 2017இல் உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நடத்தியது. பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதியற்ற தமிழர்’ என்ற கருத்திலிருந்து வந்தது. மேடையில் கிதாரும் டிரம்சும் ஒரு பக்கம், பறையும் சட்டியும் கட்டமோளமும் மறுபக்கம். குழுவில் கானாப் பாடகர்கள் பலர். பிபிசி 2020இல் வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்ற இசைவாணி அவர்களில் ஒருவர். இதைத் தமிழ் ராக் என்பதா, கானா என்பதா, ராப் என்பதா என்று விமர்சகர்கள் அப்போது அடித்துக்கொண்டார்கள். அது அவ்வளவு பயனுள்ள சண்டையாகத் தெரியவில்லை. சாவு வீட்டுக் கருவிகள் கச்சேரிக் கூட்டத்துக்கு முன்னால் கிதாரோடு சரிக்குச் சரியாக நின்றன, செய்தி அதுதான்.

சாவு வீட்டுக்குள் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அறிவின் பாட்டுக்கட்டு அங்கிருந்து வருகிறது. மரக்காணத்து உப்பளங்களிலிருந்து தெற்கே, முந்திரித் தோப்பும் செம்மண்ணுமாகக் கிடக்கும் வானூர் வட்டத்தில் ஆரோவில்லை ஒட்டியிருக்கிறது இடையஞ்சாவடி. இந்தப் பக்கத்து ஊர்களில் இழவு விழுந்தால் வாசலில் பறையும் சட்டியும் முழங்கும். உள்ளே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு, அசைந்தபடி ஒப்பாரி வைப்பார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள். செத்தவர் தகப்பனா, புருஷனா, அண்ணனா என்பதைப் பொறுத்து விளிப்பெயர் மாறும். அடியின் நீளம் மூச்சின் நீளம். மூச்சு எங்கே முடிகிறதோ அங்கே ஒரு இழுப்பு, அந்த இழுப்பில் அடுத்தவள் சேர்ந்துகொள்வாள். பொன்னும் தேரும் பந்தலும் கிணறும் எல்லோருக்கும் பொதுச் சரக்கு. அதற்குள் அவளவள் தன் வீட்டு வழக்கையும் நுழைத்துவிடுவாள்: கொடுக்காத சீர், பேசாமல் போன அண்ணன், குடித்து அழிந்த கழனி. இப்போது மைக் செட்டோடு கூலிக்குப் பாட வருகிறவர்களும் உண்டு.

இங்கே சொல் ஒன்று, மெட்டு ஒன்று என்று பிரிக்க முடியாது. சொல் நீண்டால் மெட்டு நீளும். யார் ‘எழுதியது’ என்று கேட்டால், நேற்றுப் பாடியவளும் இன்று பாடுகிறவளும் என்றுதான் பதில்.

ராப்பும் இந்த விதத்தில் ஒப்பாரிக்கு உறவு. சொல்லின் அசைதான் அங்கே தாளம், மூச்சுதான் அடி. தயாரிப்பாளர் ஆஃப்ரோவுடன் அறிவு 2019இல் வெளியிட்ட ‘தெருக்குரல்’ தொகுப்பு இந்த உறவைக் காட்டியது. ‘காலா’வில் தொடங்கிய திரைப்பயணம் ‘மாஸ்டர்’ படத்தின் ‘வாத்தி ரெய்டு’ வரை வந்து அவர் பெயரைப் பரப்பியது. ஆனால் 2021 மார்ச் 7 அன்று ‘மாஜா’ தளத்தில் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’தான் உலகம் சுற்றியது. பாடியவர்கள் தீயும் அறிவும். இசை சந்தோஷ் நாராயணன். காணொளி அமித் கிருஷ்ணன். வள்ளியம்மாளும் அதில் தோன்றுகிறார். நிலமில்லாத உழைப்பாளியின் மண்ணுறவைச் சொல்லும் அந்தப் பாட்டுக்குள் ஒப்பாரிப் பகுதியும் உண்டு. கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் அதற்குக் குத்தாட்டம் போட்டவர்கள் ஒப்பாரிக்கும் சேர்த்தே ஆடினார்கள்.

2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். ‘எஞ்சாய் எஞ்சாமி’, ‘நீயே ஒளி’ ஆகிய இரண்டு பாட்டுகளை முன்வைத்த அட்டை அது. இரண்டிலும் எழுத்து அறிவுடையது. அட்டையில் அவர் இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். பிறகு இதழ் அறிவுக்கும் ஒரு இணைய அட்டை போட்டது. அடுத்த ஆண்டு ஜூலை 28இல் சென்னையில் தொடங்கிய 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் விழாவில் பாட்டு ஒலித்தபோது தீயோடு மேடையில் இருந்தவர் கிடாக்குழி மாரியம்மாள். அறிவு அப்போது அமெரிக்காவில். சில நாளில் அறிவு தன் சமூகவலைப் பக்கத்தில், இந்தப் பாட்டைத் தானே உருவாக்கி எழுதிப் பாடியதாகவும் மெட்டோ சொல்லோ எவரும் தந்ததில்லை என்றும் எழுதினார். மறுமொழியாக சந்தோஷ் நாராயணன், பாட்டை அமைத்து ஒழுங்குபடுத்திப் பதிவு செய்தது தாம் என்றும் வருவாயும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றும் அறிக்கை விட்டார்.

வந்த கட்டுரைகள் பெரும்பாலும் யார் பொய் சொல்கிறார் என்று பார்த்தன. கேள்வியே பிசகு. இருவரும் மெய் சொல்ல முடியும்.

இந்தியாவின் 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் ஒரு பாட்டை மூன்றாக வெட்டுகிறது. சொல் இலக்கியப் படைப்பு, ஆசிரியர் எழுதியவர். இசை தனிப் படைப்பு, பாடும் சொல் அதில் சேராது, ஆசிரியர் இசையமைப்பாளர். ஒலிப்பதிவு மூன்றாவது, அதற்கு ஆசிரியர் தயாரிப்பாளர். 1994 திருத்தம் வரும்வரை இசை என்பது எழுத்திலோ குறியீட்டிலோ பதிந்ததாக இருக்க வேண்டும் என்று வரையறை சொன்னது. அதுவரை எழுதப்படாத மெட்டு சட்டத்தின் கண்ணில் மெட்டாகவே இருக்கவில்லை. பாடுநருக்கு ஆசிரியர் நாற்காலி எங்குமில்லை, அதே திருத்தம் தந்த நிகழ்த்துநர் உரிமை என்ற பக்கத்துப் பலகைதான். 2012 திருத்தம் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை எழுதிக்கொடுத்துவிட முடியாதபடி தடுத்தது. அது பெரிய காரியம். ஆனால் வெட்டு அப்படியேதான் இருக்கிறது.

மூச்சு அடியாகி அடி மெட்டாகும் பாட்டை இந்தக் கத்தியால் வெட்டினால், எழுதியவர் ‘மெட்டும் என்னுடையது’ என்பார். ஸ்டுடியோவில் அதைச் சுருதியிலும் தாளத்திலும் நிறுத்தியவர் ‘இசை என்னுடையது’ என்பார். இரண்டும் தம் தம் கணக்கில் சரி. இக்கட்டுரை அறிவின் பக்கம் சாய்வது, அவர் சொன்னதெல்லாம் நிரூபணமானதால் அல்ல. அட்டையிலும் மேடையிலும் விடுபட்டது தற்செயலாக இருக்கலாம்; விடுபட்டவர் பாணன் நின்ற இடத்தில் நின்றவர் என்பது தற்செயலாகத் தெரியவில்லை.

உலகத்தில் இது புதிதல்ல. தென்னாப்பிரிக்காவின் சாலமன் லிண்டா 1939இல் பதிவு செய்த ‘எம்பூபே’ அமெரிக்காவில் ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ ஆகிப் பெரும் பணம் ஈட்டியது. லிண்டா 1962இல் வறுமையில் இறந்தார். வாரிசுகளுக்கு இழப்பீடு கிடைக்க 2006 ஆயிற்று. ஆனால் லிண்டாவுக்காவது ஒரு பெயரும் ஒரு இசைத்தட்டும் இருந்தன.

எதிர்ச்சான்று ஒன்றும் இதே கரையில் இருக்கிறது. இடையஞ்சாவடிக்குச் சில கிலோமீட்டரில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டு. அங்கே புதுவைப் பல்கலைக்கழக நாடகத் துறையில் பணியாற்றியவர் கே.ஏ. குணசேகரன் (1955–2016). மாரந்தையில் பிறந்த தலித் ஆய்வாளர், ‘பலி ஆடுகள்’ நாடக ஆசிரியர், 2005இல் ‘வடு’ என்ற தன்வரலாறு எழுதியவர், ‘தன்னானே’ கலைக்குழுவோடு ஊர் ஊராகப் பாடியவர். 44 பேரைப் பலிகொண்ட 1968 கீழ்வெண்மணிப் படுகொலையின் கோபத்தைச் சுமந்த இன்குலாபின் ‘மனுசங்கடா’ மக்கள் பாட்டானது அவர் தொண்டையில்தான். அங்கே நிலை தலைகீழ். பாடியவர் பெயர் ஊருக்கெல்லாம் தெரிந்தது. எழுதிய கவிஞரைச் சில மேடைகள் சொல்ல மறந்தன. இருவரும் 2016இலேயே மறைந்தார்கள், இருவருக்குள்ளும் உரிமைத் தகராறு என்று எதுவும் வெளியே வந்ததில்லை. இயக்க மேடையில் பணம் புழங்கவில்லை என்பது ஒரு காரணம். கூடவே, அங்கே புரவலன் என்ற மூன்றாம் ஆள் இல்லை.

குறை ஆய்வுத்துறையிடமும் உண்டு. நா. வானமாமலை 1964இல் வெளியிட்ட ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ நாட்டார் வழக்காற்றியலின் அடிப்படை நூல்களில் ஒன்று. ஒவ்வொரு பாட்டின் அடியிலும் சேகரித்தவர் பெயரும் இடமும் ஒழுங்காக இருக்கும். பாடியவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. பாட்டு மக்களுடையது, தனி ஆளுக்குச் சொந்தமல்ல என்ற நல்லெண்ணம் அதற்குள் இருந்தது. ஆனால் மக்கள் சொத்து என்று விட்ட இடத்தில்தான் பின்னால் வந்த ஒலிப்பதிவு வணிகம் வேலி போட்டது. ஒப்பாரி எடுத்துக் கொடுத்த பெண்ணின் பெயர், ஊர், நாள் மூன்றும் களக்குறிப்பில் இருந்திருந்தால் பதிவு நிறுவனம் யாரிடம் அனுமதி கேட்பது என்பதாவது தெரிந்திருக்கும்.

2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் இன்னொரு செய்தி சொன்னார்: மூன்று ஆண்டில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ வழியாகத் தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. சமமாகப் பிரித்த மூன்று பங்கும் பூச்சியம் என்றானபின், எழுதியவரா இசையமைத்தவரா என்ற 2022ஆம் ஆண்டுச் சண்டை வேறு நிறம் கொள்கிறது. தளம் கையில் இருப்பவரே புரவலர். அறிவு 2024இலேயே சொந்தக் குழுவான ‘அம்பாசா’வோடு ஒரு தொகுப்பை வெளியிட்டார். தலைப்பு ‘வள்ளியம்மா பேராண்டி’. எழுத்து, இசை, பாட்டு என்ற பட்டியலில் பாட்டிக்கு இடம் தர முறையில்லை என்பதால் அவர் பெயர் தலைப்பில் ஏறியிருக்கிறது. தலைப்புக்குச் சட்டத்தில் காப்புரிமை கிடையாது.