'முதலில் குடியை நிறுத்தி வாருங்கள்': நாட்பட்ட மனச்சோர்வும் மதுச்சார்பும் ஒருங்கே உள்ளோர்க்கான உளச்சிகிச்சை

மனச்சோர்வும் மதுச்சார்பும் சேர்ந்தே உள்ள ஒருவர் மனநலப் பிரிவுக்குப் போனால், பெரும்பாலும் குடியை நிறுத்திவிட்டு வரச் சொல்கிறார்கள். குடிநோய் மீட்பு மையத்துக்குப் போனால், குடி நின்றால் சோர்வு தானாகப் போய்விடும் என்கிறார்கள். இரண்டு பதில்களும் ஒரே ஆய்வு மரபிலிருந்து வருபவை. அந்த மரபு கண்டறிந்தது சரி. அதை நாட்பட்ட மனச்சோர்வுக்கும் பொருத்திவிட்டதுதான் பிழை என்பது என் வாதம்.

சாண்ட்ரா பிரவுனும் மார்க் ஷக்கிட்டும் 1988இல் வெளியிட்ட ஆய்வை முதலில் பார்க்க வேண்டும். மதுச்சார்புச் சிகிச்சைக்கு வந்த 191 ஆண்களில் 42 விழுக்காட்டினருக்குச் சேரும்போதே குறிப்பிடத்தக்க மனச்சோர்வு இருந்தது. நான்கு வாரம் குடிக்காமல் இருந்த பிறகு அது 6 விழுக்காடாகச் சரிந்தது. மது உண்டாக்கிய சோர்வு மது நின்றதும் கலைந்தது, ஐயமில்லை. ஆனால் அவர்கள் எல்லாரும் குடியே முதல் நோயாக அமைந்தவர்கள். குடிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே சோர்ந்திருந்த ஒருவரைப் பற்றி அந்த எண்கள் எதுவும் சொல்வதில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கும் மனச்சோர்வையே நாட்பட்டது என்கிறோம். அத்தகையவரிடம் இரண்டு கேள்விகள் போதும்: முதல் மிடறுக்கு முன் மனம் எப்படி இருந்தது? குடிக்காமல் இருந்த நீண்ட காலங்களில் எப்படி இருந்தது? ஓரளவு தெளிவான விடை கிடைத்துவிட்டால், நான்கு வாரக் காத்திருப்பால் நோயறிதலுக்குக் கூடுதலாகக் கிடைப்பது குறைவு. நோயறிதலுக்காக வந்த இடைவெளி, சிகிச்சைக்கான நுழைவுத் தகுதியாக மாறிவிட்டது. அந்தத் தகுதியை எட்ட முடியாமல் செய்வதே பலருக்கு அவர்களது மனச்சோர்வுதான்.

சேர்த்துச் சிகிச்சை தருவதற்குச் சான்று உண்டா? ஹெலன் பெட்டினாட்டி குழுவினரின் 2010 ஆய்வு குறிப்பிடத்தக்கது. இரு நோயும் உள்ள 170 பேருக்கு 14 வாரம் சிகிச்சை. எல்லாருக்கும் வாரந்தோறும் அறிதல்-நடத்தைச் சிகிச்சை. மனச்சோர்வுக்கான செர்ட்ரலினும் குடிவேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோனும் சேர்த்துப் பெற்றவர்களில் 53.7 விழுக்காட்டினர் முற்றாகக் குடிக்காமல் இருந்தனர். ஒரே மருந்தோ வெற்று மாத்திரையோ பெற்றவர்களில் அது 21 முதல் 28 விழுக்காடுவரைதான். உளச்சிகிச்சையை முன்வைக்கும் எங்களைப் போன்றோருக்கு இது சற்றுச் சங்கடமான முடிவு. பேச்சு மட்டும் போதவில்லை. இரு நோயையும் ஒரே நேரத்தில் தொட்டது பலித்தது.

எந்த உளச்சிகிச்சை என்பது அடுத்த கேள்வி. நாட்பட்ட மனச்சோர்வுக்கென்றே ஜேம்ஸ் மெக்கல்லா உருவாக்கிய 'சிபாஸ்ப்' முறையை நான் பரிந்துரைப்பது அதன் புகழுக்காக அல்ல. நெடுங்காலம் சோர்ந்திருப்பவருக்குத் தன் செயலுக்கும் பிறர் அதற்குத் தரும் எதிர்வினைக்கும் உள்ள தொடர்பு புலப்படுவதில்லை. என்ன செய்தாலும் ஒன்றுதான் என்று நம்புகிறார் என்பது மெக்கல்லாவின் கணிப்பு. மதுவும் அதே தொடர்பைத்தான் அறுக்கிறது: ஆறுதல் சில நிமிடங்களில் வந்துவிடுகிறது, விலை மறுநாளோ மறு ஆண்டோ வருகிறது. எனவே இம்முறையின் நிகழ்வுப் பகுப்பாய்வு இரண்டுக்கும் பொருந்தும். எடுத்துக்காட்டாக ஒருவர், தம்பி வீட்டு விசேஷத்தில் யாரும் தம்மோடு பேசவில்லை என்று பாதியில் கிளம்பி நேரே மதுக்கடைக்குப் போகிறார். என்ன நடந்தது, அதை எப்படிப் புரிந்துகொண்டார், என்ன செய்தார், என்ன விளைந்தது, எது விளைய வேண்டுமென விரும்பினார் என்று படிப்படியாக எழுத வைக்கிறார்கள். தம்பி அருகில் வந்து உட்கார வேண்டும் என்பதே அவர் விருப்பம். கிளம்பிப் போனதால் அதற்கு வழியே இல்லாமல் போயிற்று. குடி இங்கே தனி நோயாக நிற்காமல், அந்த உறவுச் சிக்கலின் கடைசிப் படியாகத் தெரிய வருகிறது.

சான்றின் வலிமையை மிகைப்படுத்தக் கூடாது. மார்ட்டின் கெல்லர் குழுவின் 2000ஆம் ஆண்டு ஆய்வில் 681 பேர் இருந்தனர். மருந்து மட்டும் பெற்றோரிலும் சிபாஸ்ப் மட்டும் பெற்றோரிலும் 48 விழுக்காட்டினருக்குப் பலன். இரண்டும் சேர்ந்தபோது 73. ஆனால் அண்மையில் மதுச்சார்பு இருந்தவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. 2009இல் வந்த 'ரீவாம்ப்' ஆய்விலோ, மருந்தால் முழுப் பலன் பெறாதவர்களுக்கு இம்முறையைக் கூட்டியும் கூடுதல் நன்மை தெரியவில்லை. எனவே என் பரிந்துரை இப்போதைக்குக் கோட்பாட்டுப் பொருத்தத்தின் மீதே நிற்கிறது. இரு நோயும் உள்ளவர்களைக் கொண்ட பெரிய ஒப்பீட்டு ஆய்வுதான் அதை உறுதிப்படுத்தவோ தள்ளவோ முடியும்.

இந்தியச் சூழலில் இந்தப் பிரிவினை எவ்வளவு ஆழமானது என்பதற்குக் கோவாவே சாட்சி. 2017இல் லான்செட் இதழில் வெளியான இரு ஆய்வுகள், மனநலப் பட்டம் இல்லாத ஆலோசகர்களாலும் குறுகிய உளச்சிகிச்சையைத் திறம்படத் தர முடியும் என்று காட்டின. மனச்சோர்வுக்கு ஒரு கையேடு, ஆறு முதல் எட்டு அமர்வு. தீங்கான குடிக்கு இன்னொரு கையேடு, ஒன்று முதல் நான்கு அமர்வு. ஒரே மாநிலம், ஒரே ஆய்வுத் திட்டம், ஆனாலும் இரண்டு கையேடுகள். குடி ஆய்வு தீங்கான குடியோடு நின்றது. மதுச்சார்பு நிலைக்குப் போய்விட்டவர்கள் அதன் எல்லைக்கு வெளியே இருந்தனர். நான் பேசும் நோயாளி அந்த எல்லைக்கு அப்பால்தான் நிற்கிறார்.

குடியை நிறுத்தும் முதல் நாட்களில் வலிப்போ சித்தக் குழப்பமோ வரலாம். அப்போது மருத்துவக் கண்காணிப்பு வேண்டும், ஆழ்ந்த உளச்சிகிச்சை காத்திருக்கத்தான் வேண்டும். அந்தக் காத்திருப்புக்கு எனக்கு மறுப்பில்லை. அது நாட்கணக்கில் முடிய வேண்டும். பிறகு தொடங்கும் அமர்வுகள், நோயாளி இடையில் குடித்துவிட்டார் என்பதற்காக நிறுத்தப்படக் கூடாது. போதையோடு வந்தால் அன்றைய அமர்வைத் தள்ளிவைத்து, தெளிந்த பிறகு அந்தக் குடியையே அடுத்த பகுப்பாய்வுக்கான நிகழ்வாக எடுத்துக்கொள்ளலாம்.