கிற்றார் தந்தியை எப்போது மாற்ற வேண்டும்?

லண்டனில் நம்மவர் வீடுகளில் கிற்றார் பல வேளைகளில் கைமாறித்தான் வருகிறது. அண்ணன் விட்டதைத் தம்பி எடுப்பார். பெரியம்மாவின் மகள் பழகியதை இவர் பழகுவார். கருவி நல்லதாகவே இருக்கும். அதிலுள்ள தந்திகளோ ஐந்தாறு வருடப் பழசு. டியூனர் வைத்துச் சரியாகச் சுருதி சேர்த்தாலும் வாசிக்கும்போது பிசகுகிறது. பிள்ளைக்குச் சுருதி ஞானம் இல்லை என்று முடிவெடுப்பதற்கு முன் தந்தியைப் பாருங்கள்.

ஏன் பழுதாகிறது?

விரலின் வியர்வையில் உள்ள உப்பு உருக்குத் தந்தியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. தடித்த தந்திகளின் மேல் சுற்றிய வெண்கலக் கம்பியின் இடுக்குகளில் எண்ணெய்ப் பசையும் அழுக்கும் சேர்கின்றன. பிரெட் எனப்படும் மெட்டுகளில் அழுந்தும் இடங்கள் தேய்கின்றன. இதனால் தந்தியின் கனம் இடத்துக்கு இடம் மாறுகிறது. சீரற்ற தந்தி சீராக அதிராது. ஒலி மங்குவதும் சுருதி பிசகுவதும் இதனால்தான்.

நைலோன் துருப்பிடிக்காது. ஆனால் கிளாசிக்கல் கிற்றாரின் தடித்த மூன்று தந்திகளில் நைலோன் இழைகளின் மேல் உலோகக் கம்பி சுற்றப்பட்டிருக்கும். அவையே முதலில் பழுதாகும். மெல்லிய மூன்றும் நன்றாக இருந்தால் தடித்தவற்றை மட்டும் மாற்றலாம்.

முன்பு இந்த மெல்லிய தந்திகள் ஆட்டுக் குடலிலிருந்து செய்யப்பட்டன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதற்குத் தட்டுப்பாடு வந்தபின், 1940களில் நியூயோர்க்கில் அல்பேர்ட் ஒகஸ்டின் நைலோன் தந்தியை உருவாக்கினார். நம் யாழின் தந்திக்கும் பழந்தமிழில் நரம்பு என்றே பெயர்.

எப்போது மாற்றுவது?

தினமும் பழகுபவர் உருக்குத் தந்தியை மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், நைலோனை மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் மாற்றுவது பொதுவான வழக்கம். நாட்கணக்கை விட அறிகுறிகளே முக்கியம்: நிறம் கறுத்தல், விரலுக்குச் சொரசொரப்பு, மெட்டில் படும் இடத்தில் பள்ளம், மந்தமான ஒலி.

எளிய சோதனை ஒன்று உண்டு. 12ஆவது மெட்டுக்கு நேர் மேலே தந்தியை அழுத்தாமல் தொட்டு மீட்டினால் மணி போன்ற ஒலி வரும். பின்பு அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் தந்தியை மாற்றுங்கள். புதுத் தந்தியிலும் பிசகினால் கருவியைத் திருத்துநரிடம் காட்டுங்கள்.

கவனிக்க வேண்டியவை

கிளாசிக்கல் கிற்றாரில் உருக்குத் தந்தி பூட்டவே கூடாது. நைலோன் தந்திகள் ஆறும் சேர்ந்து சுமார் 40 கிலோ அளவில் இழுக்கும். உருக்கு சுமார் 70 கிலோ. தந்தியைத் தாங்கும் குதிரை பெயர்ந்துவிடும்.

டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் தேர்வு இருந்தால் முதல் நாள் மாற்றாதீர்கள். புதுத் தந்தி நீண்டுகொண்டே இருக்கும். உருக்குக்கு இரண்டு மூன்று நாட்களும் நைலோனுக்கு ஒரு வாரமும் கொடுங்கள். கழற்றும்போது முதலில் தளர்த்துங்கள். வெட்டிய முனை கண்ணில் படாமல் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் வாசித்தபின் உலர்ந்த துணியால் துடைத்தால் தந்தி கூடுதல் நாள் உழைக்கும். ஒரு செட் தந்தியின் விலை பெரும்பாலும் ஒரு வகுப்புக் கட்டணத்தை விடக் குறைவு. பிள்ளை கிற்றாரை மூலையில் வைப்பதற்கு முன் அதைச் செலவழித்துப் பார்க்கலாம்.